பார்க்கக் கூடாத பிள்ளையார்

முப்பத்தைந்தில் நின்றுவிட்டது. நீலத் திரையின் நடுவில் முப்பத்தைந்து, பக்கத்தில் சதவீதக் குறி, கீழே வட்டமடிக்கும் வெள்ளைப் புள்ளிகள், அதற்கும் கீழே கணினியை அணைக்க வேண்டாம் என்று ஒரு வாசகம். யார் அணைக்கப் போகிறார்கள், இத்தனை பேர் டீயைக்கூட ஆறவிட்டு உன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது உன்னை அணைக்கும் தைரியம் யாருக்கு வரும் என்று சங்கரேஸ்வரி மனதுக்குள் அதை அதட்டினாள். பதினொன்று பத்துக்கு முப்பத்தைந்து. இப்போது பதினொன்று நாற்பது, இப்போதும் முப்பத்தைந்து. காலை எட்டரைக்கே வந்து எட்டு கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாக முடித்துவிட்டாள், எட்டும் முரண்டு பிடிக்காமல் அப்டேட்டை விழுங்கி எழுந்துகொண்டன. ஒன்பதாவது இது. அச்சகத்தில் எல்லாரும் இதைப் பெரிய மிஷின் என்பார்கள். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, புதுமனை புகுவிழா, பதினாலு வருடமாக வடிவமைத்த அத்தனையும் இதற்குள்தான் இருக்கின்றன, மற்ற எட்டிலும் உட்கார்ந்திருப்பவர்கள் இதிலிருந்து எடுத்துத்தான் வேலை செய்ய வேண்டும். ஆகவே இது ஒன்று படுத்தால் எட்டு பேர் கைகட்டி உட்கார வேண்டும், உட்கார்ந்திருந்தார்கள். வெளியே ஆடிக்காற்று சிவகாசியின் புழுதி முழுவதையும் அள்ளிக்கொண்டு வந்து ஷட்டரில் அடித்தது. ஆடி முடிந்தால் ஆவணி, ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு நாற்பத்தொரு பத்திரிகைகள், நாளைக்குள் அச்சுக்குப் பிளேட் போட்டாக வேண்டும், கரண்ட் வேறு போகாமல் இருக்க வேண்டும், யூபிஎஸ் இருபது நிமிஷம் தாங்கும் என்று வைத்தவன் சொன்னான், வைத்து நான்கு வருடம் ஆயிற்று, இப்போது எத்தனை நிமிஷம் தாங்கும் என்று யார் கண்டது, இதையெல்லாம் ஒருத்தியேதான் நினைத்துக்கொண்டிருக்க வேண்டுமா. “ஈஸ்வரிக்கா, இது நம்ம செங்கோட்டை பாசஞ்சர் மாதிரி,” என்றாள் பக்கத்து நாற்காலியில் ராஜகனி. “எதிர்ல எக்ஸ்பிரஸ் வருது போல, அதான் ஓரங்கட்டியிருக்கு.” எட்டு பேரும் சிரித்தார்கள். சங்கரேஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை.

படம்தானே. ஒரு படத்தால் மிஷினுக்கு ஆபத்து, அதற்குத்தான் இந்த அப்டேட் என்று அவள் சொன்ன முந்தாநாளிலிருந்து இந்த ஒரு சொல்லை எத்தனை தடவை கேட்டாயிற்று. முதலாளி வெயிலுமுத்து அண்ணாச்சி சொன்னார், ராஜகனி சொன்னாள், வீட்டில் அவள் கணவன் சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னான். படம்தான, அது என்ன செஞ்சிரப் போகுது, பார்க்கிறதுக்குத்தான படம். அவளும் பொறுமையாகத்தான் சொன்னாள். அண்ணாச்சி, ஒரு படத்தைத் திரையில் காட்டுறது நம்ம டிசைன் போடுற சாஃப்ட்வேர் இல்லை, அதுக்கு அடியில மிஷினையே ஓட்டிக்கிட்டிருக்கிற பெரிய சாஃப்ட்வேர் ஒண்ணு இருக்கு, அதோட வேலை அது. ஒவ்வொரு படமும் உள்ளே வரும்போது முதல் வரியிலேயே, நான் இவ்வளவு பெருசு, எனக்கு இவ்வளவு இடம் ஒதுக்குன்னு சொல்லும். அதை நம்பி இடம் ஒதுக்குறாங்க. நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருத்தர் அஞ்சு பேர் வர்றோம்னு சொல்லி அனுப்புறார், நாம அஞ்சு இலை போடுறோம், வந்து இறங்குறது அம்பது பேர். அஞ்சு பேர் இலையில உட்கார்றாங்க, மிச்சம் நாற்பத்தஞ்சு பேர் எங்க போவாங்க, கூடத்துல, மாடியில, ஒருத்தன் நேரா சமையக்கட்டுக்குள்ள போயி, நான்தான் பெண்ணோட சித்தப்பா, சாம்பாரை இறக்கு, பாயசத்தை இங்க கொண்டான்னு உத்தரவு போட ஆரம்பிக்கிறான். சமையல்காரருக்கு எந்தச் சித்தப்பா உண்மைன்னு தெரியுமா, சொன்னபடி செய்வார். அப்படித்தான் மிஷினும் செய்யும். அந்த ஓட்டையைத்தான் கண்டுபிடிச்சிருக்காங்க, அதை அடைக்கத்தான் இந்த அப்டேட். அண்ணாச்சி கன்னத்தில் கைவைத்துக் கேட்டார். “நல்லாச் சொல்றம்மா, வாத்தியாருக்குப் போயிருக்கலாம். எவ்வளவு நேரம் ஆகும்?” அவ்வளவுதான். அவளுக்கே அந்த உதாரணம் பிடித்துப்போய்விட்டது, இரண்டு நாளில் நாலு பேரிடம் சொல்லிவிட்டாள். சொல்லச் சொல்ல அது இன்னும் அழகாக வந்தது, சித்தப்பாவுக்கு மீசைகூட வந்துவிட்டது. அழகாக வந்ததாலேயே, சொல்ல வேண்டிய இன்னொன்றைச் சொல்லாமல் இருக்க வசதியாகவும் இருந்தது. மீசை வைத்த அந்தச் சித்தப்பாவை வாசலில் நின்று வாங்க வாங்க என்று கூப்பிட்டு உள்ளே விட்டது யார் என்று யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

முப்பத்தைந்து. இல்லை, முப்பத்தாறு. முப்பத்தாறுதானா, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் பார்த்தாள், முப்பத்தாறுதான். அரை மணி நேரத்துக்கு ஒன்று என்றால் மீதி அறுபத்துநான்குக்கு முப்பத்திரண்டு மணி நேரம். அப்படிக் கணக்குப் போடக் கூடாது, இது கடைசியில் ஒரே பாய்ச்சலாகப் பாயும், அது அவளுக்குத் தெரியும், தெரிந்தும் மனது போட்டது. ஓட்டை இருக்கிறது என்று சாஃப்ட்வேர் கம்பெனி முந்தாநாள் போட்டிருந்த அறிவிப்பில் இங்கிலீஷில் எழுதியிருந்ததை மூன்று தடவை வாசித்தாள், மூன்று தடவையும் ஒரே இடத்தில் சேலை முள்ளில் மாட்டிய மாதிரி மாட்டிக்கொண்டாள். சிறப்பாக உருவாக்கப்பட்ட ஒரு படத்தின் மூலம். சிறப்பாக உருவாக்கப்பட்ட என்றால் என்ன, இங்கே எந்தப் படம் சிறப்பாக உருவாக்காத படம். அப்புறம் அடுத்த வரி. பயனர் படத்தைத் திறக்க வேண்டிய அவசியமில்லை, அது இருக்கும் கோப்புறையைப் பார்த்தாலே போதும். ஏனென்றால் ஒரு ஃபோல்டரைத் திறந்தவுடன் அதற்குள் இருக்கும் படங்களையெல்லாம் தபால்தலை அளவில் வரிசையாகக் காட்டுகிறதே, அந்தக் குட்டிப் படங்களை வரைவதும் அடியில் இருக்கும் அதே சாஃப்ட்வேர்தான். நான் தொடவே இல்லையே என்று யாரும் சொல்ல முடியாது, பார்த்தாயா இல்லையா, பார்த்தாய் அல்லவா, முடிந்தது கதை. பெரிய மிஷினில் ஒரு ஃபோல்டர் இருக்கிறது, 01 பிள்ளையார் என்று பேர். 02 சிலுவை, 03 பிறை, 04 மணமக்கள், 05 தோரணம் என்று போகும், ஆனால் எல்லாவற்றுக்கும் முதலில் வர வேண்டும் என்று அவளே போட்ட 01. அறுநூற்றுச் சொச்சம் பிள்ளையார், நின்றவர், உட்கார்ந்தவர், நடனமாடுபவர், இலைக்குள் இருப்பவர், வெறும் நாலு கோட்டில் முடிந்தவர். காலையில் வந்து செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தவுடன் எட்டு பேரும் முதலில் அந்த ஃபோல்டரைத்தான் திறப்பார்கள். முதல் வேலை சர்ச் கல்யாணமாகவே இருக்கட்டும், பக்ரீத் வாழ்த்தாகவே இருக்கட்டும், திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு மூடிவிட்டுத்தான் மற்றது. யார் ஆரம்பித்த பழக்கமோ, யாரும் யாருக்கும் சொன்னதில்லை, புதிதாக வருகிறவர்கள் பக்கத்து நாற்காலியைப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள். எட்டு பேர், தினமும், தவறாமல். இந்த ஊரில் ஒரு கள்ளன் உட்கார்ந்து, எந்த இடத்தில் வலையை விரித்தால் எல்லாக் காலும் விழும் என்று யோசித்திருந்தால்கூட இதைவிட நல்ல இடம் அவனுக்குக் கிடைத்திருக்காது.

மூன்று வாரத்துக்கு முன்னால் அந்த ஃபோல்டருக்குள் ஒரு புதிய பிள்ளையார் வந்தார். சாய்ந்து படுத்து, ஒரு கையைத் தலைக்கு அணையாகக் கொடுத்து, தும்பிக்கையால் விசிறிக்கொண்டிருப்பார், ஒரு கண் பாதி மூடியிருக்கும். அச்சகத்துக்கு வந்த ஒரு மெயிலில் இருந்தார். மகள் திருமணம், இந்தப் படத்தை வைத்து மாதிரி செய்து அனுப்பவும், விவரம் பின்னால் சொல்கிறேன் என்று இரண்டு வரி, அடியில் பேர் இல்லை. பேர் இல்லாமல் மெயில் அனுப்புகிறவர்கள் நிறையப் பேர் உண்டு, கல்யாண வீட்டுக்காரர்களுக்கு அந்த நேரத்தில் தங்கள் பேரே மறந்துபோகும். அவள் மாதிரி செய்து அனுப்பினாள். பதில் இல்லை. இன்னொரு தடவை அனுப்பினாள். பதில் இல்லை. அந்தக் கல்யாணம் நடந்ததோ, நின்றதோ, வேறு அச்சகத்துக்குப் போய்விட்டார்களோ, இல்லை அப்படி ஒரு மகளே கிடையாதோ. இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும்போதெல்லாம் மனது திரும்பி ஓடியது, ஓடி, படத்தின் அளவில் போய் முட்டியது. மற்றப் பிள்ளையார்கள் முந்நூறு, நானூறு கேபி. இவர் நாலரை எம்பி. அன்றைக்கு அதைப் பார்த்தாள், பார்த்துச் சந்தோஷப்பட்டாள், பெரிய படம், எவ்வளவு பெரிய கார்டில் போட்டாலும் புள்ளி புள்ளியாக உடையாது என்று. இன்றைக்கு அதே நாலரை எம்பி உறுத்துகிறது. தெளிவான படம் என்றால் கனமாகத்தான் இருக்கும், அதில் என்ன சந்தேகம். சந்தேகம் இல்லைதான். ஆனால் அஞ்சு இலைக்கு அம்பது பேர் வருவதும் அப்படித்தானே கனமாக இருக்கும். வைரஸ் பார்க்கும் சாஃப்ட்வேர் பச்சை டிக் காட்டுகிறது. அது எப்போதும் பச்சை டிக்தான் காட்டும், தீப்பிடித்தாலும் காட்டும். திறந்து பார்த்தால் தெரிந்துவிடுமா, தெரியாது, பிள்ளையார்தான் தெரிவார், பாதிக் கண் மூடி. அவர் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கிற அளவுக்கு அவள் படித்தவள் இல்லை, டைப்பிங் ஹையர் முடித்துவிட்டு வந்தவள், மிஷின் மக்கர் பண்ணினால் ஈஸ்வரியைக் கூப்பிடு என்று ஆகி, ஆகி, இந்த நாற்காலிக்கு வந்தவள். அப்டேட் தானாக ஏறுவதை நிறுத்தி வைத்ததும் அவள்தான். பங்குனியில் ஒரு நாள் எல்லா மிஷினும் சொல்லாமல் கொள்ளாமல் தானே அணைந்து தானே எழுந்தது, ராஜகனி மூன்று மணி நேரம் போட்ட ஆல்பம் டிசைன் போயிற்று, அண்ணாச்சி கத்தினார், இனி இந்தச் சனியன் என்னைக் கேக்காம ஏறக் கூடாது. ஏறாதபடி செய்தாள். அவர் சொன்னார், ஆனால் கை அவளுடையது. படத்தைப் போட்டதும் அதே கை. இரண்டையும் செய்தது ஒரே கை.

நாற்பத்தெட்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஐம்பத்தொன்று. யாரோ டீக்கடைக்குச் சொல்லிவிட்டார்கள். அப்டேட் என்பது பூட்டு. ஓட்டை இருந்த கதவுக்குப் புதுப் பூட்டு, அவ்வளவுதான், இனிமேல் யாரும் வர முடியாது. ஏற்கெனவே உள்ளே வந்து உட்கார்ந்திருப்பவனைப் பூட்டு என்ன செய்யும். போன வருடம் குற்றாலத்துக்குப் போனபோது அடுப்படியைப் பூட்டிவிட்டாளா என்று பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்த்து, இரண்டு நாள் கழித்து வந்து திறந்தால் உள்ளே பூனை. பால் பவுடர் டப்பாவை உருட்டி, அரிசியில் மூத்திரம் பெய்து, எவ்வளவு நல்ல பூட்டு என்று அவளையே பார்த்தது. கணவன் விழுந்து விழுந்து சிரித்தான். பூட்டுனியே, உள்ள யாரு இருக்கான்னு பார்த்தியா. அதைத்தான் இப்போது ஒருவரும் கேட்கப் போவதில்லை. நூறு வந்ததும் கைதட்டுவார்கள், பெரிய மிஷின் எழுந்துகொள்ளும், வேலை ஓடும், நாற்பத்தொரு பத்திரிகையும் போகும். ஒன்றும் ஆகாமலேகூடப் போகலாம், அந்தப் பிள்ளையார் வெறும் பிள்ளையாராகவே இருக்கலாம். இல்லையென்றால் ஒரு காலையில் வந்து திறக்கும்போது பதினாலு வருடமும் பூட்டிக் கிடக்கும், திரையில் பணம் கேட்டு ஒரு மிரட்டல் கடிதம் இருக்கும். காப்பி எடுத்து வைக்கும் டிஸ்க் ஒன்று உண்டு. அதையும் மிஷினின் பின்னாலேயே செருகி வைத்திருந்தாளே, அதுவும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும்படி, தினமும் செருகி எடுக்கச் சோம்பல்பட்டு. முந்தாநாள் வாசித்தவுடன் அதை மட்டும் பிடுங்கி அலமாரியில் வைத்தாள். யாரிடமும் சொல்லாமல், திருடியைப் போல. சந்தேகம் இல்லாதவள் எதற்கு அதைப் பிடுங்கினாள். இப்போது சொன்னால் என்ன ஆகும். ஒன்பதையும் சுத்தமாகத் துடைத்து முதலிலிருந்து ஏற்ற வேண்டும். இரண்டு நாள், கரண்ட் போகாமல் இருந்தால். நாற்பத்தொரு வீட்டுக்கும் பத்திரிகை பிந்தும். பத்தொன்பது வருடமாக அண்ணாச்சி மற்றவர்களிடம் காட்டும் குரலை அவளிடம் காட்டியதில்லை. இனிமேல் காட்டுவார். நாளைக்குச் சொல்லலாம், பிளேட் போனபிறகு. நேற்றும் நாளைக்கு என்றுதான் நினைத்தாள். முந்தாநாளும். என்னடா இது, வேண்டியவர்கள் வேண்டாதவர்கள் என்று பார்க்காமல் எல்லார் மேலும் எரிச்சல் வருகிறது, அந்தப் புள்ளிகள் மேல், டீ மேல், ராஜகனியின் வளையல் சத்தத்தின் மேல், முக்கியமாக ஒரு கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கிற அவர் மேல்.

எழுபது, எண்பத்தாறு, நூறு. அவள் நினைத்த மாதிரியே கடைசியில் ஒரே பாய்ச்சல். திரை கறுத்தது, பிறகு வெளிச்சம் வந்தது, அச்சகத்தின் பேர் போட்ட பழைய பின்னணி வந்தது. எட்டு பேரும் கைதட்டினார்கள். அண்ணாச்சி கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தார். “ஏ, வந்துருச்சா? நான் சொல்லலை? எங்க ஈஸ்வரி இருக்கிற வரைக்கும் எந்தக் கொம்பனும் உள்ள வர முடியாது.” அவர் அப்படிச் சொல்லாமல் இருந்திருக்கலாம். வேறு என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். ராஜகனி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “அக்கா, எங்க அண்ணன் பிரஸ்ல அந்தப் படுத்திருக்கிற பிள்ளையாரைக் கேட்டுக்கிட்டே இருக்காங்க. மிஷின்தான் வந்துருச்சுல்ல, மெயில்ல தட்டி விட்டுரட்டுமா?” என்றாள். கேட்டுக்கொண்டே அவள் கை 01க்குப் போயிற்று. அவள் அண்ணன் அச்சகத்தில் யார் அப்டேட் போட்டிருக்கப் போகிறார்கள். அங்கேயும் காலையில் முதலில் ஒரு பிள்ளையார் ஃபோல்டரைத்தான் திறப்பார்கள். சங்கரேஸ்வரி எழுந்து சுவரோரம் போய், ஒன்பது மிஷினையும் இன்டர்நெட்டையும் இணைக்கும் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள். பிடுங்கிய ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“என்னக்கா!”

“அதை அனுப்பாத. யாருக்கும் அனுப்பாத. அண்ணாச்சி, எல்லா மிஷினையும் அணைக்கணும்.”

“இப்பத்தான வந்துச்சு?” என்றார் அவர்.

“வந்துச்சு. ஆனா அதுக்கு முன்னாடியே உள்ள ஒண்ணு வந்திருக்கலாம். அந்தப் பிள்ளையாரை யார் அனுப்பினதுன்னு தெரியாது. யாருன்னு கேக்காம ஃபோல்டர்ல போட்டது நான். மூணு வாரமா எட்டு பேரும் அதைத் திறக்காங்க. இந்த அறிவிப்பை வாசிச்ச அன்னைக்கே எனக்குச் சந்தேகம். ஒன்பதையும் துடைச்சுட்டுத் திரும்ப ஏத்தணும், ரெண்டு நாள் ஆகும்.”

அண்ணாச்சி அவளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். “எந்தப் பிள்ளையாரு? எங்க, காட்டு.”

“காட்டக் கூடாது அண்ணாச்சி.”

“சும்மா ஒரு தடவை பார்த்துக்கிடுறேன். எப்படி இருக்காருன்னு.”

“பார்த்தாலே ஆபத்துன்னுதான் ரெண்டு நாளா சொல்லிக்கிட்டிருக்கேன்!” அவள் குரல் அவளுக்கே அன்னியமாக இருந்தது. “பார்க்கிறதுதான் தப்பே! பார்த்தா பிள்ளையாராத்தான் தெரிவாரு, வேற எப்படித் தெரிவாரு!”

அவர் திரைப் பக்கம் நீட்டிய கையை இறக்கிக்கொண்டார். கத்துவார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். கத்தவில்லை, மெதுவாகக் கேட்டார், அது கத்துவதைவிட மோசமாக இருந்தது. “முந்தாநாளே தெரியுமில்ல. ஏம்மா அப்பவே சொல்லலை?”

அதற்கு அவளிடம் பதில் இருந்தது, இரண்டு நாளாகச் செய்து வைத்திருந்த பதில், ஆவணி, பிளேட், நாற்பத்தொன்று என்று வரிசையாக. அதை விட்டுவிட்டாள். “பயமா இருந்துச்சு அண்ணாச்சி,” என்றாள். அவர் உள்ளே போய் ஆர்டர் நோட்டையும் தன் போனையும் எடுத்து வந்து அவள் முன் வைத்தார். “நாற்பத்தொரு வீட்டுக்கும் நீயே சொல்லு. என் போன்லயே சொல்லு, எடுப்பாங்க.” பிறகு ராஜகனியைப் பார்த்து, “என்ன பார்த்துக்கிட்டு நிக்க, ஒவ்வொண்ணா அணை,” என்றார்.

முதல் எண் சாத்தூர். பெண்ணின் தகப்பனார். இரண்டு நாள் பிந்தும் என்று சொல்லி முடிப்பதற்குள் ஆரம்பித்தார், எழுநூறு வீட்டுக்கு நடந்து கொடுக்கணும், உங்களுக்கென்ன, உட்கார்ந்த இடத்துல சொல்லிருவீங்க, எங்க சம்பந்தி ஏற்கெனவே ஒரு மாதிரி ஆளு, கம்ப்யூட்டருக்கு என்ன வந்துச்சு, அதென்ன காய்ச்சலா தலைவலியா. தப்பு என்னோடதுங்க ஐயா என்றாள். மூன்று தடவை சொன்னாள். நாலாவது தடவை அவர் வைத்துவிட்டார். அவளைச் சுற்றி ஒவ்வொரு திரையாக இருட்டிக்கொண்டு வந்தது. இரண்டாவது எண் கோவில்பட்டி, ஒரு அம்மாள் எடுத்தார், மாப்பிள்ளைக்கு அம்மா. விஷயத்தைச் சொன்னாள்.

“ரெண்டு நாளா?” என்றது குரல் மெதுவாக. “அப்ப இன்னும் அடிக்கலையா?”

“இல்லைங்கம்மா.”

“அய்யோ, நல்லதாப் போச்சு. அதுல ஒரு தாய்மாமன் பேரு விட்டுப்போச்சும்மா. கடைசி மாமன். எழுதிக் குடுத்த அன்னைக்கே எனக்குத் தெரியும். அவருக்கு எங்க வீட்டுக்காரரோட பேச்சு வார்த்தை இல்லை, அதான் வாயைத் திறக்க முடியலை. இன்னைக்கு வரைக்கும் தூக்கமில்லை எனக்கு.”

அன்னைக்கே தெரியுமில்ல, ஏன் அப்பவே சொல்லலை என்று சங்கரேஸ்வரியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது, நல்ல எரிச்சலோடு வந்தது. அப்படியே விழுங்கினாள். டைப் அடிக்க ஒரு மிஷின்கூட இல்லை. நோட்டின் ஓரத்தைத் திருப்பி, பேனாவின் மூடியைப் பல்லால் கடித்து இழுத்தாள்.

“சொல்லுங்கம்மா,” என்றாள். “இனிஷியலோட சொல்லுங்க.”